எண்ணூறு மீட்டரும் எங்கள் தெப்பக்குளமும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். "ஓடுகிறதைப் பத்தி எழுதுங்க டீச்சர், நீங்கதான் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கீங்களே" என்றார்கள். அந்தச் சகோதரிக்கு ஒன்று மறந்துவிட்டது. நான் இந்தக் கல்லூரியில் 1983 முதல் 1986 வரை படித்தது வரலாறு. உடற்கல்வி அதற்கப்புறம் வந்ததுதான். ஆகவே வரலாற்றுத் துறை மாணவியாகவும் ஓட்டப் பயிற்சியாளராகவும் சேர்ந்து ஒரு பழைய வழக்கை எழுதலாமென்று உட்கார்ந்தேன். பெண் எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை யார் தீர்மானிப்பது என்பதுதான் அந்த வழக்கு.

வழக்கு தொடங்கியது ஆம்ஸ்டர்டாமில், 1928 ஒலிம்பிக்கில். தடகளத்தில் பெண்களுக்கு முதன்முதலாகக் கதவு திறந்த ஆண்டு அது. கதவை முழுசாகத் திறக்கவில்லை, ஐந்தே ஐந்து போட்டிகள். அவற்றில் ஒன்று 800 மீட்டர். இறுதி ஓட்டத்தில் ஒன்பது பேர். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் முதலாவதாக வந்தார். அது உலக சாதனை. இரண்டாவதாக வந்தவர் ஜப்பானின் ஹிட்டோமி கினுஏ. அவர் அதற்கு முன் 800 மீட்டரைப் போட்டியில் ஓடியதே இல்லை! நூறு மீட்டரில் அரையிறுதியோடு வெளியேறிவிட்டதால், வெறுங்கையோடு ஊர் திரும்பக்கூடாதென்று இதில் இறங்கியவர். ஜப்பானுக்கு ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த முதல் பெண் அவர்தான். மூன்று வருடத்தில், 24 வயதில், நோயில் இறந்துபோனார்.

ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். முடித்தவர்களில் சிலர் களைப்பில் தரையில் சாய்ந்தார்கள். நடந்தது அவ்வளவுதான், அந்த நாளின் படச்சுருள் இன்றும் இருக்கிறது. ஆனால் பத்திரிகையில் வந்த செய்தியே வேறு. பதினொரு பரிதாபப் பெண்கள் ஓடினார்களாம், ஐந்து பேர் பாதியில் நின்றார்களாம், ஐந்து பேர் கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார்களாம். ஓடியவர்களே ஒன்பது பேர் என்னும்போது இந்தக் கணக்கு எங்கிருந்து வந்ததென்று எங்கள் வரலாற்றுப் பேராசிரியை உயிரோடிருந்தால் கேட்டிருப்பார். மூலச் சான்றைப் பார்க்காமல் எழுதினால் விடைத்தாளில் சிவப்பு மையால் சுழித்துவிடுபவர் அவர். ஒலிம்பிக்காரர்கள் அப்படிச் சுழிக்கவில்லை. பெண்ணின் உடம்பு இந்தத் தூரத்தைத் தாங்காது, சீக்கிரம் கிழவியாகிவிடுவாள் என்றெல்லாம் பேசி, 200 மீட்டருக்கு மேல் பெண்களுக்கு ஓட்டமே வேண்டாம் என்று முடிவு கட்டினார்கள். 800 மீட்டர் ஒலிம்பிக்குக்குத் திரும்பி வந்தது 1960இல், ரோமில். நடுவில் 32 வருடம். ஒரு தலைமுறை ஓடாமலே பாட்டியாகிவிட்டது.

இந்த இடத்தில் பயிற்சியாளராக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 800 மீட்டர் பொல்லாத ஓட்டம். முழு வேகமும் இல்லை, நிதானமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது. மூச்சில் வரும் பிராணவாயு தசைக்குப் போதாது. கடைசி 200 மீட்டரில் கால் இரண்டும் ஈரச் சாக்கு மாதிரி கனக்கும். அதோடு, ஓடும்போது கால் தசைகள் ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. சட்டென்று நின்றால் அந்த வேலையும் நின்று, ரத்தம் காலிலேயே தேங்கிவிடுகிறது. தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது, உடம்பு தானாகப் படுக்கப் பார்க்கிறது. "முடிச்சதும் நிக்காத, நட, நட!" என்று நாங்கள் கோட்டருகே நின்று தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான். எந்த மாவட்டப் போட்டிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், ஆண்கள் 800 மீட்டர் முடிந்ததும் நாலு பேராவது மல்லாந்து கிடப்பார்கள். அவர்களை யாரும் பரிதாப ஆண்கள் என்று எழுதுவதில்லை. முழு மூச்சாக ஓடினான் பார் என்று முதுகில் தட்டுவார்கள்.

ரோமில் 1960லேயே திரும்பி வந்துவிட்ட ஓட்டம் நம் மைதானத்துக்கு எப்போது வந்தது? என்னோடு படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நாங்கள் படித்த மூன்று வருடமும் விளையாட்டு விழாவில் ஆக நீளமான ஓட்டம் 400 மீட்டர். அதற்கே கோட்டருகில் குளுக்கோஸ் டப்பாவும், பிடித்துக்கொள்ள இரண்டு தடி மாணவிகளும் தயாராக நிற்பார்கள். (அந்த இருவரில் ஒருத்தி இன்று பெரிய டாக்டர், பெயர் சொன்னால் அடிப்பாள்.) லாஸ் ஏஞ்சலஸில் 1984இல் நம் ஷைனி ஆபிரகாம் 800 மீட்டரில் அரையிறுதி வரை போனார். பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூற்றில் ஒரு வினாடியில் பதக்கத்தை விட்டார். விடுதியில் செய்தித்தாளைக் கிழியக் கிழியப் படித்தோம். படித்துவிட்டு, எங்கள் 400 மீட்டருக்குக் குளுக்கோஸ் கரைத்தோம்! யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. பெண் பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்ற கவலை அவர்களுக்கு. அந்தக் கவலைக்கு மூலம் எங்கே என்று தேடப் போனால், எனக்கென்னவோ ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் வேர் ஓடுகிறது என்று படுகிறது.

நீண்ட தூரத்துக்கு வருவோம். முதல் ஒலிம்பிக் 1896இல் நடந்தபோதே ஆண்களுக்கு மாரத்தான் இருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகர மாரத்தான் 1897இல் தொடங்கி வருடந்தோறும் நடக்கிறது. 1966இல் பாபி கிப் என்ற பெண் அதில் ஓட விண்ணப்பம் கேட்டு எழுதினார். பெண்களின் உடலமைப்பு அந்தத் தூரத்துக்கு ஏற்றதல்ல என்று பதில் வந்தது. அவர் பேசாமல் போய்ப் புதரில் மறைந்திருந்து, ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தில் கலந்து, 3 மணி 21 நிமிடத்தில் ஓடி முடித்தார். அடுத்த வருடம் கேத்ரின் ஸ்விட்சர் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு விண்ணப்பித்து, 261 என்ற எண்ணை வாங்கிக்கொண்டு ஓடினார். போட்டி அதிகாரி ஒருவர் நடுவழியில் பாய்ந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்த புகைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அந்தப் படத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின கதை.

ஸ்விட்சருக்குப் பயிற்சி கொடுத்தவர் ஆர்னி பிரிக்ஸ். பல்கலைக்கழகத்தில் தபால் கொடுப்பவர், ஐம்பது வயசு. தானே பதினைந்து முறை பாஸ்டனில் ஓடியவர். பெண்ணால் மாரத்தான் ஓட முடியாது என்று அவரும்தான் சொன்னார். ஆனால் அதோடு விடவில்லை. பயிற்சியில் அந்தத் தூரத்தை ஓடிக் காட்டு, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். இருவருமாக ஓடினார்கள். 26 மைல் முடிந்ததும் ஸ்விட்சர் இன்னும் ஐந்து மைல் போகலாம் என்றார். 31 மைல், நம் கணக்கில் ஐம்பது கிலோமீட்டர் ஆனதும் ஒருவர் மயங்கி விழுந்தார். விழுந்தவர் ஆர்னி! அதற்காக ஆண்கள் மாரத்தானை யாரும் ரத்து செய்யவில்லை. விழுந்து எழுந்த ஆர்னி சொன்ன சொல்லைக் காப்பாற்றி, பாஸ்டனில் அவர் பக்கத்திலேயே ஓடினார். முடியாது என்று நினைத்தாலும் ஓடிக் காட்ட ஒரு வாய்ப்பு கொடுப்பது என்பதை நான் அந்தத் தபால்காரரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

பாஸ்டனில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972இல். எட்டுப் பேர் ஓடினார்கள், எட்டுப் பேரும் முடித்தார்கள். ஜெர்மனியில் வான் ஆக்கன் என்ற மருத்துவர், பெண்ணுக்கு நீண்ட தூரம்தான் பொருந்தும் என்று பல வருடமாக வாதாடிக்கொண்டிருந்தார். 1972இல் ஓடும்போது கார் மோதி இரண்டு கால்களையும் இழந்தார். அதன் பிறகும் 1973இல் தம் ஊரில் பெண்களுக்கென்றே தனி மாரத்தான் நடத்தினார். இப்படிப் பல பேர் இழுத்த தேர்தான் 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் நிலைக்கு வந்தது. ஒலிம்பிக்கில் ஆண்களின் முதல் மாரத்தானுக்கும் பெண்களின் முதல் மாரத்தானுக்கும் நடுவே 88 வருடம்.

அந்த மாரத்தானில் முதலில் வந்தவர் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட், 2 மணி 24 நிமிடம் 52 வினாடி. ஆனால் அன்றைக்கு அரங்கமே எழுந்து நின்று பார்த்தது 37ஆவதாக வந்தவரை. சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன், 39 வயசு. கடைசித் தண்ணீர்ப் பந்தலைத் தவறவிட்டு, வெயிலில் காய்ந்து, உடம்பு ஒரு பக்கமாகக் கோணி, தள்ளாடித் தள்ளாடி அரங்கத்துக்குள் வந்தார். மருத்துவர்கள் ஓடி வந்தார்கள். தொட்டால் ஓட்டம் செல்லாது என்பதால் அவர் விலகிப் போனார். வியர்வை வருகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். வந்தது, சரி போகட்டும் என்று விட்டார்கள். அந்தக் கடைசிச் சுற்றுக்கு ஐந்தே முக்கால் நிமிடம் ஆனது. கோட்டைத் தாண்டித்தான் விழுந்தார். இரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிட்டார்.

1928இல் நடந்ததைவிட இது எத்தனை மடங்கு பயங்கரம்! பெண்கள் மாரத்தானை இந்த முறை யாரும் மூடவில்லை. 1988இல் 10,000 மீட்டரையும் சேர்த்தார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் ஓட ஆரம்பித்தது 38 வயதில், இரண்டாவது பையன் பள்ளிக்கூடம் போன பிறகு. பள்ளியில் விசில் ஊதுவது வேறு, தானே ஓடுவது வேறு. மதுரைக்காரர்களுக்குத் தெரியும், வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வரும். குளத்தில் தண்ணீர் இல்லாத அந்தக் காலத்தில் உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், வெளியே நான் ஓடுவேன். சுடிதார், அதற்கு மேல் ஊக்கு குத்திய துப்பட்டா. முதல் மாதம் கேட்காத கேள்வி இல்லை. "என்ன டீச்சர், பஸ் போயிருச்சா?" என்று ஒருவர் உண்மையான அக்கறையோடு வண்டியை நிறுத்தினார். பூக்காரம்மா ஒருவர், "யாரும் தொரத்துறாங்களா தாயி?" என்று கேட்டார். தெருநாய்கள் மட்டும் எதுவும் கேட்காமல் கூடவே ஓடி வந்தன.

உடை விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் மலரில் போடலாமா என்று மலர்க்குழு யோசிக்கும். பெண்கள் கல்லூரி மலர்தானே, போடுங்கள். ஓடும் பெண்ணுக்கென்று மார்பைத் தாங்கும் உள்ளாடை உலகத்தில் வந்ததே 1977இல்தான். அமெரிக்காவில் மூன்று பெண்கள், ஆண் விளையாட்டுக்காரர்களின் உள்ளாடை இரண்டை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார்கள். அது நம்மூர்க் கடைக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. அதுவரை நாங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டு மூச்சுத் திணறினோம். பெண்கள் ஏன் ஓட வருவதில்லை என்று கருத்தரங்கம் நடத்துபவர்கள் ஒரு முறை இதைப் பற்றியும் பேசலாம்.

மூன்று வருடத்தில் என்னோடு ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். வங்கி ஊழியர் ஒருவர், இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், மீதிப் பேர் இல்லத்தரசிகள். 2012 ஜனவரியில் மும்பை மாரத்தானுக்குப் போனேன். 5 மணி 12 நிமிடம். பரிசு ஒன்றுமில்லை, கழுத்தில் ஒரு பதக்கமும் கையில் ஒரு வாழைப்பழமும். திரும்பும்போது ரயிலில் மேல் படுக்கைக்கு ஏற முடியாமல் பட்ட பாடு தனிக் கட்டுரை.

பள்ளிப் பிள்ளைகளின் கதை வேறு. சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்தாள். நல்ல நடை, நல்ல மூச்சு, 800 மீட்டருக்கென்றே பிறந்த கால். வட்டாரப் போட்டியில் கடைசி வளைவில் முன்னால் போய்க்கொண்டிருந்தவள் கோட்டைத் தாண்டியதும் சரிந்தாள். நடக்கச் சொல்லிக் கத்தினேன், நடக்கவில்லை. முகம் வெளுத்து, உதடு வெளுத்துக் கிடந்தாள். மறுநாள் அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"வேணாம் டீச்சர். வயசுக்கு வந்த புள்ள. ஓடி ஓடிக் கர்ப்பப்பை கீழ எறங்கிருச்சுன்னா நாளைக்கு எவன் கட்டுவான்?"

ஆம்ஸ்டர்டாமில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பேசியதும் கிட்டத்தட்ட இதுதான். அந்த அம்மாவிடம் நான் வரலாறு பேசவில்லை. "கர்ப்பப்பை ஓடினா எறங்காதுக்கா. ஒரு ரத்தச் சோதனை மட்டும் பாத்துருவோம். அதுல ஒண்ணும் இல்லன்னா நீங்க சொல்றபடி நிறுத்திப்புடலாம்" என்றேன். அரசு மருத்துவமனையில் பார்த்தோம். ஹீமோகுளோபின் 8.2. அந்த வயசுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். எட்டை வைத்துக்கொண்டு அவள் வட்டாரத்தில் முதலாவதாக வந்திருக்கிறாள்! மூச்சில் எவ்வளவு பிராணவாயு வந்தாலும், சுமந்து போக ரத்தத்தில் ஆள் இல்லையென்றால் கால் என்ன செய்யும்?

இது அவள் ஒருத்தி கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். இரண்டில் ஒருத்திக்கும் மேல். பெண்ணால் நீண்ட தூரம் ஓட முடியாது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவளுக்கு என்ன சாப்பாடு போட்டோம், மாதம் எத்தனை நாள் எவ்வளவு ரத்தம் போகிறது என்று யாராவது கேட்க வேண்டும். ஆண் பயிற்சியாளரிடம் அந்தப் பிள்ளை அதைச் சொல்ல மாட்டாள், அவரும் கேட்கக் கூசுவார். மருத்துவர் ஆறு மாதம் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். பூச்சி மாத்திரையும் கொடுத்தார். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்று நான் சொன்னேன். முருங்கைக்கீரை, பேரீச்சை, நெல்லிக்காய், முடிந்த அன்றைக்கு ஈரல். ஆறு மாதமும் ஓட்டம் கிடையாது, நடை மட்டும். அம்மா வாராவாரம் வந்து பிள்ளையின் கண்ணைக் கீழே இழுத்துக் காட்டி, "செவப்பு வந்துருச்சா டீச்சர்?" என்று கேட்பார். 11.6 வந்த பிறகு, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் தடத்தில் விட்டேன். இன்று அவள் காவல்துறையில் இருக்கிறாள்.

800 மீட்டர் என்றால் இன்னொரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், தோஹாவில் 2006 ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பிறகு பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஊக்கமருந்து இல்லை, ஏமாற்று இல்லை, பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் பரிசைத் தந்தது, ஆனால் ஓட்டம் போனது போனதுதான். சில வருடம் கழித்து அவரே சூளையில் கல் சுமக்க வேண்டி வந்தது. அதற்கப்புறமும் எழுந்து, பெங்களூருவில் பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். பெண் பயிற்சியாளர்கள் என்று பேச்சு வரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

பேச்சு வருவதே குறைவு. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வந்திருந்த பயிற்சியாளர்களில் பெண்கள் 13 சதவீதம்தான். ஓடுகிற பெண்கள் பாதிக்குப் பாதி வந்துவிட்டார்கள், கையில் நிறுத்துகடிகாரம் வைத்திருக்கும் பெண்கள் வரவில்லை. பி.டி. உஷா ஓட்டத்தை விட்ட பிறகு கோழிக்கோடு பக்கம் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவரிடம் பயின்ற டின்டு லூகா 2010இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 வினாடியில் ஓடி, ஷைனியின் 15 வருடத் தேசிய சாதனையை முறியடித்தார். அந்தக் குருகுலத்தில் நடந்தது ஊருக்கு ஊர் நடக்க வேண்டும்.

வழக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி: 2016இல் ரியோவில் நம் ஓ.பி. ஜெய்ஷா மாரத்தானை முடித்ததும் கோட்டருகே மயங்கி விழுந்தார். முந்தின வருடம் 2 மணி 34 நிமிடம் 43 வினாடியில் தேசிய சாதனை படைத்தவர். நாட்டில் பெரிய சண்டை நடந்தது. வழியில் தண்ணீர் வைக்கவில்லை என்று அவர் சொன்னார், எங்கள் மேல் தவறில்லை என்று சம்மேளனம் சொன்னது. நான் ஒவ்வொரு நாளும் செய்தித்தாளைத் தேடித் தேடிப் படித்தேன். பெண்ணுக்கு எதற்கு மாரத்தான் என்று அதில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தண்ணீர் யார் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

கடைசியாக ஓர் அறிவிப்பு, செயலாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். கூடுகையின் இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குக் கல்லூரி மைதானத்தில் 800 மீட்டர் ஓட்டம். நம் மைதானம் 200 மீட்டர், ஆகவே நான்கு சுற்று. இன்றைய மாணவியர், பழைய மாணவியர், பாட்டிமார் எல்லோரும் வரலாம். நடந்தாலும் கணக்கு உண்டு. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். சேலை என்றால் சொருகிக் கட்டிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டாம், ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டிருக்க வேண்டும். முடித்ததும் யாரும் நிற்காதீர்கள், நடந்துகொண்டே இருங்கள், நான் கோட்டருகில் நின்று கத்துவேன். குளுக்கோஸ் டப்பாவை நம் டாக்டரம்மா கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.